கல்லில் உறையும் கடல்

உரைநடை உலகம்

நுழையும்முன்

கடலைக் காணக் கரைக்குச் செல்வது வழக்கம். கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டர் உள்ளே, பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மேட்டுநிலத்தில் ஒரு பழங்கடலின் அடித்தளம் திறந்து கிடக்கிறது. மழைநீர் அதனை வெட்டி வெட்டிப் பள்ளத்தாக்காக்கியுள்ளது. அங்கே கிடக்கும் கற்களைப் பற்றி மக்கள் கதை சொன்னார்கள்; அறிவியலார் காலம் கணித்தார்கள். கதையையும் கணக்கையும் அவற்றிற்குரிய இடத்தில் வைத்து மதிக்கக் கற்பதே நிலத்தைப் படிக்கும் முறை. அம்முறையை விளக்குகிறது இப்பாடம்.

கரையும் காரையும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், பாக் விரிகுடாவை நோக்கி அமைந்துள்ள மீன்பிடி ஊர் ஜெகதாப்பட்டினம். அண்டையிலுள்ள கோட்டைப்பட்டினத்தோடு சேர்ந்து, இம்மாவட்டத்து விசைப்படகுகள் தங்கும் தளமாக விளங்குகிறது. இங்குள்ள கடல் வங்கக் கடலின் பிற பகுதிகளைப் போன்றதன்று. அலை குறைவு; ஆழமும் குறைவு. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமே உடையது. ஆறுகளும் ஓடைகளும் கொண்டுவரும் வண்டல் இங்கு மெல்லப் படிகிறது. அண்மையிலுள்ள முத்துக்குடாவில் அலையாத்திக் காடு வேரூன்றி நிற்பதற்கும் இந்தச் சேறே துணை.

வலையை இழுக்கும் மீனவர் மீனோடு சேற்றையும் சிப்பியையும் சேர்த்தே இழுக்கின்றனர். இறந்த நண்டின் ஓடும், சங்கின் கூடும், மீனின் முள்ளும் நாள்தோறும் அச்சேற்றில் புதைகின்றன. அவற்றின்மேல் மீண்டும் சேறு படிகிறது. இவ்வாறு பல கோடி ஆண்டுகள் படிந்து, இறுகி, பின்னர் அக்கடலும் விலகிச் சென்றால் எஞ்சும் நிலம் எவ்வாறு இருக்கும்?

இவ்வினாவிற்கு விடை தேடி வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. ஜெகதாப்பட்டினத்திற்கு வடமேற்கே, பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் உள்ள காரை என்னும் சிற்றூரின் அருகே அத்தகைய நிலம் இருக்கிறது. நிலவியலார் ‘காவிரிப் படுகை’ என்று பெயரிட்டழைக்கும் பெரும்பள்ளத்தின் படிவுகள் காரையில் தரைக்குமேல் வெளிப்பட்டுள்ளன. ஜெகதாப்பட்டினத்தைப் போன்ற கடலோர ஊர்களில் பிற்காலப் படிவுகளால் மூடப்பட்டு மண்ணுக்குள் மறைந்துள்ளன. கரையில் வாழ்வோரும் காரையில் வாழ்வோரும் ஒரே படுகையின் இரு ஓரங்களில் நிற்கின்றனர்.

பள்ளத்தாக்கினுள்

அறந்தாங்கி, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி வழியாகப் பயணம் செய்து, சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூரை அடைந்து கிழக்கே திரும்பினால் காரையை அடையலாம். வழியெங்கும் கரிசல் வயல்கள். அவை சட்டென முடியுமிடத்தில் நிலத்தின் முகம் மாறுகிறது. மரமில்லை, நிழலில்லை. சாம்பல், பழுப்பு, மஞ்சள், செங்காவி என அடுக்கடுக்காக நிறம் மாறும் களிமண் மேடுகள். அவற்றிற்கிடையே வளைந்து நெளிந்து இறங்கும் நூற்றுக்கணக்கான நீர்த்தடங்கள். மேட்டின் முகட்டில் நின்று நோக்கினால், சுருங்கி மடிந்த துணியை விரித்துவிட்டாற்போல் நிலம் தோன்றுகிறது.

அமெரிக்காவின் கொலராடோ ஆறு வெட்டிய பெரும் பள்ளத்தாக்கை நினைத்து, இதனைத் ‘தமிழகத்தின் கிராண்ட் கேன்யன்’ என்று பயணிகள் அழைக்கின்றனர். அளவில் இரண்டிற்கும் ஒப்பே இல்லை. கொலராடோப் பள்ளத்தாக்கு 446 கிலோமீட்டர் நீளமும், சில இடங்களில் 1,800 மீட்டருக்கு மேற்பட்ட ஆழமும் கொண்டது. காரையின் பள்ளங்களைச் சில மணி நேரத்தில் நடந்து சுற்றிவிடலாம். உருவான முறையும் வேறு. ஆந்திரத்தின் கண்டிக்கோட்டையைப் பெண்ணாறு வெட்டியது. ஒகேனக்கல்லின் பாறை இடுக்கைக் காவிரி அறுத்தது. காரையில் அத்தகைய பேராறு எதுவும் ஓடவில்லை. இங்குச் சிற்பி மழையே.

களிமண்ணின் இயல்பை அறிந்தால் இது விளங்கும். வேனிலில் களிமண் காய்ந்து சுருங்கி வெடிக்கிறது. வடகிழக்குப் பருவத்தில் பெய்யும் கடுமழை அவ்வெடிப்புகளுள் புகுகிறது. மேற்பரப்பு நனைந்ததும் உப்பி அடைத்துக்கொள்வதால் நீர் ஆழமாக ஊறாமல் சரிவில் வழிந்தோடுகிறது. பற்றிப்பிடிக்க வேர்கள் இல்லாததால் மண் எளிதில் கரைகிறது. முதலில் விரலளவு கோடு. பின்னர் கையளவு வாய்க்கால். பின்னர் ஆளுயர ஓடை. சில இடங்களில் வெடிப்புகளுள் நுழைந்த நீர் தரைக்கடியில் சுரங்கமிட்டுச் சென்று வேறோர் இடத்தில் வெளிப்படுகிறது. அச்சுரங்கத்தின் கூரை இடிந்து விழும்போது புதியதொரு பள்ளம் பிறக்கிறது. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் காரையின் நிலப்படம் சிறிது மாறுகிறது.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் எனச் சிலப்பதிகாரம் கூறுவதைத் தமிழ் மாணவர் அறிவர். வறண்டு நிற்கும் இம்மேடுகளைக் கண்டதும் பாலைத்திணை நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் இந்நிலம் திரிந்த வரலாறு முல்லையிலிருந்தோ குறிஞ்சியிலிருந்தோ தொடங்கவில்லை. அது நெய்தலிலிருந்து, அதாவது கடலிலிருந்து தொடங்குகிறது.

படுகை பிறந்த வரலாறு

இந்தியா, ஆப்பிரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா முதலியன ஒருகாலத்தில் கோண்டுவானா என்னும் ஒரே பெருநிலமாக இணைந்திருந்தன. அப்பெருநிலம் பிளவுபட்டபோது, இந்தியாவின் கிழக்கு ஓரத்தில் நிலவோடு இழுபட்டு வெடித்துப் பள்ளங்கள் தோன்றின. அவற்றுள் தென்கோடியில் அமைந்ததே காவிரிப் படுகை. பிளவின் வழியே கடல் உள்ளே புகுந்தது. கிரெட்டேசியக் காலம் எனப்படும் 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காலப்பகுதியில், இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பல இடங்களைக் கடல் பலமுறை மூடியது, பலமுறை விலகியது.

காரையின் களிமண் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன், கரையிலிருந்து தள்ளி, நீரோட்டம் அடங்கிய கடலடியில் படிந்தது. விரைந்தோடும் நீர் கல்லையும் மணலையும் சுமக்கும். அமைதியான நீரில்தான் நுண்களி படியும். ஆகவே மண்ணின் துகள் அளவே அக்கடலின் இயல்பை இன்றும் சொல்லி நிற்கிறது. மண்ணிலுள்ள இரும்பு காற்றோடும் நீரோடும் சேர்ந்து துருவேறியதால் மஞ்சளும் செங்காவியும் பிறந்தன. களியின் விரிசல்களில் கண்ணாடித் தகடுபோல் மின்னும் பொருள் ஜிப்சம். நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு அது மென்மையானது. ஆங்காங்கே உருண்டு கிடக்கும் கருமையும் பழுப்பும் கலந்த கட்டிகள் பாஸ்பேட் உருண்டைகள்.

இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த எச். எஃப். பிளான்ஃபோர்டு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்பகுதியை ஆராய்ந்து, பாறை அடுக்குகளை மூன்று குழுமங்களாகப் பகுத்தார். அவற்றிற்கு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் ஊர்ப்பெயர்களே இடப்பட்டன. காரைப் படிவு ஊட்டத்தூர்க் குழுமத்தைச் சேர்ந்தது. கோவிலாலும் குடியிருப்பாலும் அறியப்பட்ட நம் ஊர்களின் பெயர்களை, உலகெங்கும் உள்ள நிலவியல் மாணவர் பாடமாகப் படிக்கின்றனர் என்பது எண்ணி மகிழத்தக்கது. அடுத்து வந்த ஃபெர்டினண்ட் ஸ்டோலிச்கா, இங்குக் கிடைத்த கிரெட்டேசியக் கால உயிரெச்சங்களை 1860களிலும் 1870களின் தொடக்கத்திலும் பல தொகுதிகளாக விளக்கி வெளியிட்டார்.

தெரிந்து தெளிவோம்

அரியலூர்ப் பகுதியின் சுண்ணாம்புக்கல், கடல்வாழ் உயிரிகளின் ஓடுகள் சேர்ந்து உருவானது. இப்பகுதியில் சிமெண்டு ஆலைகள் பெருகியதற்கு அதுவே காரணம். இங்கிருந்து செல்லும் சிமெண்டில் எழும்பும் வீடுகளின் சுவர்களில் பழங்கடலின் பங்கு உண்டு. கருடமங்கலம் பகுதியில் சிப்பிகள் செறிந்த கல் கிடைக்கிறது. மெருகேற்றினால் அதன் பரப்பில் சிப்பிகளின் வடிவம் பளிங்குபோல் தெளிவாகத் தெரியும்.

சுருள் கல்

காரையின் பள்ளங்களில் நடப்போர் கண்களில் படும் முதன்மையான தொல்லுயிர் எச்சம் அம்மோனைட்டு. ஆட்டுக்கடாவின் கொம்புபோல் உள்நோக்கிச் சுருண்ட ஓடு அது. கணவாய், எண்காலி, நாட்டிலஸ் ஆகியவற்றின் உறவான ஒரு கடலுயிரி அவ்வோட்டின் வாயிலில் வாழ்ந்தது. உள்ளே அறை அறையாகப் பிரிந்த ஓட்டில் காற்றை நிரப்பியும் குறைத்தும் நீரில் தன் உயரத்தைச் சரிசெய்துகொண்டது. ஜெகதாப்பட்டினத்து மீனவர் வலையில் வரும் கணவாய், இக்கல்லின் மிகத் தொலைவான உறவினம் எனலாம். கணவாய்க்கு மேலும் நெருங்கிய உறவான பெலம்னைட்டு, துப்பாக்கிக் குண்டு போன்ற கூர்முனைக் கல்லாக இங்கே கிடைக்கிறது.

அம்மோனைட்டு இனங்கள் விரைந்து மாறி வந்தவை. ஓரினம் தோன்றி மறைந்த காலம் குறுகியதாகையால், எந்த அடுக்கில் எந்த இனம் உள்ளது என்பதைக் கொண்டு அவ்வடுக்கின் காலத்தைக் கணிக்கலாம். காசில் பொறித்த அரசன் பெயரைக் கொண்டு அகழாய்வாளர் காலம் அறிவதுபோல, ஓட்டின் வரிகளைக் கொண்டு நிலவியலார் காலம் அறிகின்றனர். ஆனால் இதற்கொரு நிபந்தனை உண்டு: காசு எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். இடத்தை விட்டுப் பெயர்த்தெடுத்த காசும் கல்லும் தம் சான்றுமதிப்பில் பெரும்பகுதியை இழக்கின்றன.

காரைக்கு வடகிழக்கே உள்ள சாத்தனூரில் மற்றொரு வியப்பு உண்டு. 18 மீட்டர் நீளமுள்ள மரத்தின் அடிப்பகுதி முழுவதும் கல்லாகிக் கிடக்கிறது. மரம் கடற்படிவில் புதைந்தபின், நீரில் கரைந்திருந்த கனிமங்கள் அதன் நுண்ணறைகளை மெல்ல மெல்ல நிரப்பின. மரம் போயிற்று, மரத்தின் வடிவம் நின்றது. நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் இதனைக் கண்டறிந்து அறிவித்தார். இன்று இது தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது.

யார் இவர்?

மகாராஜபுரம் சீதாராமன் கிருஷ்ணன் 1898இல் பிறந்தவர். 1851இல் தொடங்கப்பெற்ற இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்கு, சரியாக நூறாண்டு கழித்து 1951இல் இயக்குநரானார். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் இவரே. இந்தியா, பர்மா ஆகியவற்றின் நிலவியல் பற்றி 1943இல் இவர் வெளியிட்ட நூல் பல தலைமுறை மாணவர்க்குப் பாடநூலாக விளங்கியது.

கல்லும் கதையும்

பொருளறியாத கல்லைக் கண்டபோது மனிதர் கதை படைத்தனர். இது எல்லா நாட்டிற்கும் பொது. இங்கிலாந்தின் விட்பி என்னும் கடலோர ஊரில், புனித ஹில்டா பாம்புகளைக் கல்லாக்கினார் என்பது கதை, அக்கற்கள் அம்மோனைட்டுகளே. எகிப்தியரின் அம்மோன் தெய்வம் ஆட்டுக்கடாக் கொம்புடையது. அம்மோனைட்டு என்னும் பெயரே அத்தெய்வத்தின் கொம்பிலிருந்து வந்தது. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் எடுக்கப்படும் சாளக்கிராமக் கல்லில் அம்மோனைட்டின் சுருளே திருமாலின் சக்கரமாகப் போற்றப்படுகிறது.

தமிழகத்திலும் இதற்குச் சான்றுண்டு. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்லாகிய மரங்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. வக்கிராசுரன் என்னும் அசுரனைத் திருமால் அழித்தார் என்றும், சிதறிய அவன் எலும்புகளே இக்கற்கள் என்றும் தலபுராணம் கூறுகிறது. 1781இல் சொன்னெரா என்னும் பிரெஞ்சு இயற்கையறிஞர் இவை மரங்கள் எனக் குறித்தார். காவிரியாற்றின் மிகக் குறுகிய பாறை இடுக்கை, ஆடு ஒன்று தாண்டிய இடமாகக் கருதி ‘ஆடு தாண்டும் காவிரி’ என்று மக்கள் அழைக்கின்றனர். பெயரே ஒரு கதையாகவும், இடுக்கின் அகலத்தைச் சொல்லும் அளவையாகவும் நிற்கிறது.

இக்கதைகளைப் பொய் என்று தள்ளுவது எளிது. எனினும் ஒன்றைக் கருத வேண்டும். திருவக்கரைக் கற்களை எலும்பு என்று கருதியவர், மரத்தின் நார்வரியைக் கூர்ந்து நோக்கி, இது ஒருகாலத்தில் உயிருடையதாக இருந்தது என்று உணர்ந்திருக்கிறார். முதற்படி சரியானது, அடுத்த படிக்கு வேண்டிய சான்று அவர் கையில் இல்லை. கதை ஒரு கல்லுக்கு மதிப்பையும் தந்தது. புனிதம் என்று கருதப்பட்ட கல்லை எவரும் உடைப்பதில்லை.

புதிய கதைகளோ அவ்வாறில்லை. 2020ஆம் ஆண்டு பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் குளத்தை ஆழப்படுத்தியபோது பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. அவை டைனோசர் முட்டைகள் என்னும் செய்தி கைபேசிகளில் விரைந்து பரவியது. நிலவியல் வல்லுநர் ஆராய்ந்து, அவை அம்மோனைட்டு போன்ற எச்சங்களைச் சுற்றிக் கனிமங்கள் திரண்டு உருவான உருண்டைகள் என விளக்கினர். பழைய கதை கல்லைக் காத்தது. ஆராயாமல் பரப்பும் புதிய செய்தி, கூட்டத்தைக் கூட்டிக் கல்லைச் சிதைக்கும். பொருள் எவரிடம் கேட்டாலும் அதன் உண்மையைக் காண்பதே அறிவு என்னும் குறளின் நெறி இங்கும் பொருந்துகிறது.

கடல்கோளும் காலக்கணக்கும்

காரையில் கடற்சிப்பியைக் காணும் தமிழ் மாணவர் உள்ளத்தில் இயல்பாக எழும் வினா ஒன்றுண்டு. தென்மதுரையையும் கபாடபுரத்தையும் கடல் கொண்டது என இறையனார் அகப்பொருள் உரை கூறுகிறது. புகார் நகரைக் கடல் கொண்டதை மணிமேகலை கூறுகிறது. காரையின் சிப்பி அக்கடல்கோளுக்குச் சான்றாகுமா?

ஆகாது. காரணம் காலம். 10 கோடி ஆண்டுகளை ஓர் ஆண்டாகச் சுருக்கிக் கொள்வோம். காரையின் அம்மோனைட்டு கடலடியில் புதைந்த நாள் சனவரி முதல் நாள். டைனோசர்களும் அம்மோனைட்டுகளும் அழிந்தது மே மாதத் தொடக்கம். இந்திய நிலம் ஆசியாவில் மோதி இமயம் எழத் தொடங்கியது ஏறத்தாழ சூலை மாதம். நம் மனித இனம் தோன்றியது டிசம்பர் 30ஆம் நாள் இரவு. சங்க இலக்கியம் பிறந்தது ஆண்டின் கடைசிப் பத்து நிமிடங்களில். சனவரியில் நிகழ்ந்ததை, ஆண்டின் கடைசி நிமிடங்களில் பிறந்த புலவர் கண்டிருக்க இயலாது.

ஆயினும் கடல் நிலத்தைக் கொள்ளும் என்னும் கருத்து வெறும் கற்பனையன்று. அதற்கான சான்று காரையில் இல்லை. ஜெகதாப்பட்டினத்தின் முன்னே இருக்கிறது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழி உச்சத்தில் இருந்தபோது, உலகின் நீரில் இன்றைவிடக் கூடுதலான பங்கு பனியாக உறைந்திருந்தது. அப்போது கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. 15 மீட்டர் ஆழமும் இல்லாத பாக் விரிகுடா அன்று தரையாக இருந்தது. தமிழகத்திலிருந்து இலங்கைக்கு நடந்தே செல்லலாம். பனி உருகக் கடல் உயர்ந்து அந்நிலத்தை மூடியது. மேற்கண்ட ஓராண்டுக் கணக்கில் இது டிசம்பர் 31 இரவு பத்தேகால் மணியளவில் தொடங்கிய நிகழ்ச்சி. மனிதர் வாழ்ந்த காலம் அது. விசைப்படகுகள் இன்று வலைவிரிக்கும் நீருக்கடியில் கிடப்பது ஒருகாலத்தில் நடந்து கடக்கத்தக்க நிலம்.

இலக்கியம் கூறும் கடல்கோள்கள் இந்நிகழ்ச்சியையே குறிக்கின்றன என்று முடிவுகட்டச் சான்றில்லை. இலக்கியத்தை இலக்கியமாகவும், சிப்பியைச் சிப்பியாகவும் படித்தல் வேண்டும். ஒன்றின் பெருமைக்கு மற்றொன்றைச் சான்றாக இழுத்தால் இரண்டும் மதிப்பிழக்கும்.

தொலைந்த எலும்பு

காக்கத் தவறினால் நேரும் இழப்பிற்கு அரியலூர் மாவட்டம் கல்லமேடு ஓர் எடுத்துக்காட்டு. அங்குக் கிடைத்த மாபெரும் எலும்புகளைக் கொண்டு, ‘புருகத்காயோசாரஸ்’ என்னும் உயிரியை யாதகிரி, அய்யாசாமி ஆகிய ஆய்வாளர்கள் 1987இல் அறிவித்தனர். ‘பேருடல் கொண்ட பல்லி’ என்பது அப்பெயரின் பொருள். அதன் கீழ்க்கால் எலும்பு ஒன்று மட்டும் 2 மீட்டர் நீளமிருந்தது. உலகில் வாழ்ந்த நிலவிலங்குகளுள் மிகப் பெரியவற்றின் வரிசையில் இது வைத்து எண்ணப்படுகிறது.

அவ்வெலும்புகள் இன்று இல்லை. ஈரமும் வெப்பமும் மாறி மாறித் தாக்கும் களிமண்ணிலிருந்து வெளிப்பட்ட அவை, முறையாகப் பாதுகாக்கப்படும் முன்பே பொடிந்துபோயின. எஞ்சியவை வரைபடங்களும் சில ஒளிப்படங்களும். எலும்பு இல்லாமையால், அவ்விலங்கு உண்மையில் எவ்வளவு பெரியது என்பது மட்டுமன்றி, அது எலும்புதானா, கல்லாகிய மரமா என்ற ஐயமும் நெடுநாள் நிலவியது. 2022இல் பழைய ஒளிப்படங்களை மீண்டும் ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை, அவை எலும்புகளே என்பதற்கு வலுச்சேர்த்தது. ஏழு கோடி ஆண்டு அளவில் மண்ணுக்குள் நிலைத்த சான்று, மண்ணை விட்டு வெளிவந்த சில ஆண்டுகளில் மறைந்தது.

காரையையும் மழை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதே மழைதான் புதிய எச்சங்களை வெளிக்கொணர்கிறது. அதே மழைதான் வெளிவந்தவற்றைச் சிதைக்கிறது. இவ்வியற்கைச் செயலை நிறுத்த இயலாது. ஆனால் காலடியும் வண்டிச் சக்கரமும் செய்யும் அழிவு இயற்கையன்று. முகடுகளின்மேல் இருசக்கர வாகனம் ஓட்டுதல், பள்ளங்களில் குப்பையைக் கொட்டுதல், நினைவுப்பொருளாகக் கல்லைப் பெயர்த்தெடுத்தல் ஆகியவை பத்துக் கோடி ஆண்டு ஏட்டில் ஒரு பக்கத்தைக் கிழிப்பதற்கு ஒப்பாகும். நிலவியல் மரபிடங்களைக் காப்பதற்கென நடுவணரசின் சுரங்க அமைச்சகம் 2022இல் சட்ட வரைவொன்றை வெளியிட்டது. சட்டம் வேண்டும், எனினும் காவலர் நிற்காத மேட்டில் கல்லைக் காப்பது, அதன் பொருளறிந்தவரின் மனமே.

நடப்போர் அறிய வேண்டியவை

காரையில் அமைத்த பாதையோ நிழற்குடையோ இல்லை. ஆகவே மழைக்காலம் முடிந்து நிலம் உலர்ந்தபின், காலை வேளையில் குழுவாகச் செல்வதே நன்று. மழை பெய்த நாளிலும் மறுநாளிலும் களிமண் வழுக்கும். உள்ளே சுரங்கம் ஓடும் மேடுகள் உடையும். ஓடையின் தரையில் நடக்கலாம். கூரிய முகட்டில் நடத்தலாகாது. போதிய குடிநீரும் தலைக்குத் துணியும் வேண்டும். அவ்வூராரைக் கண்டு சொல்லிவிட்டுச் செல்லுதல் பாதுகாப்பும் பண்பும் ஆகும்.

தொல்லுயிர் எச்சத்தைக் கண்டால் எடுக்காமல் ஒளிப்படம் எடுத்து, அருகில் ஓர் அளவுகோலையோ நாணயத்தையோ வைத்து அளவைக் காட்டி, இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அரிய பொருளாகத் தோன்றினால் பல்கலைக்கழக நிலவியல் துறைக்கோ இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்கோ தெரிவிக்கலாம். எச்சங்களை அருகிலிருந்து காண விரும்புவோர் அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் உள்ள புதையுயிர்ப் படிம அருங்காட்சியகத்திற்குச் செல்லலாம். சாத்தனூர்க் கல்மரத்தையும் அதே பயணத்தில் காணலாம்.

காரையைக் கண்டு ஜெகதாப்பட்டினத்திற்குத் திரும்பும் மாணவர், கரையில் ஒதுங்கிய சிப்பியை முன்போல் காலால் எற்றிச் செல்லமாட்டார். அது ஒரு பழைய மரபின் புதிய உறுப்பினர் என்பதை அவர் அறிவார். பாக் விரிகுடாவின் சேற்றில் இன்று படிவது நாளைய பாறை. நெகிழித் துணுக்கும் அறுந்த வலையும் அதே சேற்றில்தான் படிகின்றன. எதிர்காலத்தில் இக்கடலடியைப் படிக்க வருவோர் எதனைக் காண வேண்டும் என்பதை முடிவுசெய்யும் பொறுப்பு, இன்று கரையில் வாழ்வோருக்கு உரியது.

கலைச்சொல் அறிவோம்

தொல்லுயிர் எச்சம் – ஃபாசில்
படுகை – பேசின்
மண்ணரிப்பு – சாயில் எரோஷன்
கல்மரம் – மண்ணில் புதைந்து கனிமங்களால் நிரம்பிய மரம்
கடல்கோள் – கடல் நிலத்தை மூடுதல்

கற்பவை கற்றபின்

1. உம் ஊரிலுள்ள பாறை, குன்று, ஓடை, குளம் ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றி முதியோர் கூறும் கதையைக் கேட்டு எழுதுக. அக்கதையில் இயற்கையைக் கூர்ந்து நோக்கிய இடம் எது எனக் குறிப்பிடுக.
2. ஒரு தட்டில் களிமண்ணையும் மற்றொரு தட்டில் புல் வளர்ந்த மண்ணையும் சாய்த்து வைத்து நீர் தெளித்து, மண்ணரிப்பை ஒப்பிட்டுக் குறிப்பு எழுதுக.
3. கைபேசியில் பரவிய செய்தி ஒன்றின் உண்மையை அறிய நீவிர் மேற்கொள்ளும் வழிமுறைகளை வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. காரைப் படிவு எக்குழுமத்தைச் சேர்ந்தது?
அ) அரியலூர் ஆ) ஊட்டத்தூர் இ) திருச்சிராப்பள்ளி ஈ) திருவக்கரை

2. சாத்தனூர்க் கல்மரத்தை 1940இல் கண்டறிந்து அறிவித்தவர்
அ) பிளான்ஃபோர்டு ஆ) ஸ்டோலிச்கா இ) எம். எஸ். கிருஷ்ணன் ஈ) சொன்னெரா

குறுவினா

1. காரைக் களிமண்ணின் நிறவேறுபாட்டிற்குக் காரணம் யாது?
2. ‘இடத்தை விட்டுப் பெயர்த்தெடுத்த கல் தன் சான்றுமதிப்பை இழக்கிறது’ – ஏன்?

சிறுவினா

1. பேராறு இன்றியே காரையில் பள்ளத்தாக்கு உருவான முறையை விளக்குக.
2. திருவக்கரைக் கதையில் பொதிந்துள்ள உண்மையும் பிழையும் யாவை?

நெடுவினா

1. காரையின் கடற்சிப்பி இலக்கியம் கூறும் கடல்கோளுக்குச் சான்றாகுமா? காலக்கணக்கையும் பாக் விரிகுடாவின் வரலாற்றையும் கொண்டு கட்டுரைக்க.